வேலங்குளத்தில் ஆடிய தொட்டில்கள்

முன்னொரு காலத்தில், பக்கத்து நாட்டுத் தூதன் ஒருவன் விருந்துண்ட வாயோடு, “எங்கள் ஊர்களில் பிள்ளைகள் போடும் கூச்சலில் தூங்கவே முடிவதில்லை” என்று பெருமை பேசிவிட்டுப் போனான். அன்றோடு ராஜாவின் தூக்கமும் போயிற்று.

“நம் நாட்டில் பிள்ளைகள் மிகக் குறைந்த ஊர் எது?” என்று சபையில் கேட்டார்.

“வேலங்குளம், மகாராஜா,” என்றார் தளவாய் வீரபாகு. “அவ்வூர்ப் பெண்களுக்கு அந்த யோகமே இல்லை. ஊரைக் கலைத்து வேட்டைக்காடு ஆக்கிவிடலாம். அல்லது, எதற்கும் வழி சொல்லும் நம் விகடகவி தாண்டவனை அனுப்பிப் பார்க்கலாம்.”

தாண்டவனைக் கண்டாலே தளவாய்க்கு ஆகாது. ராஜாவோ அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார்.

“தாண்டவா, வருகிற பௌர்ணமிக்குள் வேலங்குளத்தில் வீட்டுக்கு வீடு தொட்டில் ஆட வேண்டும். ஆடாவிட்டால் ஊரும் இராது, உன் உத்தியோகமும் இராது.”

“மகாராஜா, பிள்ளை என்றால் பத்து மாதம்...”

“பௌர்ணமி!”

தாண்டவன் தலையில் அடித்துக்கொண்டு வண்டி ஏறினான். கத்தரிச் செடிகூட பௌர்ணமிக்குள் காய்க்காது. இந்த மனிதருக்கு யார் எடுத்துச் சொல்வது?

வேலங்குளத்தில் கிழவர்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள். ஏர் பிடிக்கிற வயதில் ஓர் ஆணைக் காணோம். கிணற்றடியில் நின்ற காத்தாயியிடம் ராஜாவின் உத்தரவைச் சொல்லி விசாரித்தான்.

“கோட்டை கட்டணும்னு தளவாய் ஆளுங்க எல்லாரையும் ஓட்டிக்கிட்டுப் போனாக. ஆறே மாசம்னாக. நாலு வருசமாச்சு. இப்பப் பிள்ளை பெறலைன்னு ஊரையே கலைப்பீகளாக்கும்! நாங்க என்ன, மண்ணுல பிசைஞ்சா வைக்க?”

தாண்டவனுக்கு எரிச்சல் வந்தது. ராஜாமேல், தளவாய்மேல், இதை விசாரிக்காமல் சபையில் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்த தன்மேலும்.

பௌர்ணமியன்று ராஜா பரிவாரத்தோடு வந்தார். வீட்டுக்கு வீடு சேலைத் தொட்டில் ஆடியது. பூரித்துப்போய் காத்தாயி வீட்டுத் தொட்டிலை விலக்கிப் பார்த்தார். உள்ளே திருஷ்டிப் பொட்டு வைத்த ஒரு பூசணிக்காய்.

“என்ன கேலி இது?”

“தொட்டில் ஆட வேண்டும் என்பது உத்தரவு. ஆடுகிறது, மகாராஜா.”

“பிள்ளை எங்கே?”

“தகப்பன்மார்களைத்தான் கேட்க வேண்டும். நான்கு வருடமாகத் தங்கள் கோட்டையில் கல் சுமக்கிறார்கள். அங்கிருந்தபடியே பிள்ளை பெறும் வித்தையைத் தளவாய் கற்றுக் கொடுத்தால் நல்லது.”

ராஜா தளவாய் பக்கம் திரும்பினார். “ஆறு மாதத்துக்கொரு முறை ஆள் மாற்றச் சொன்னேனே?”

“வேலை பழகிய கைகள், மகாராஜா...”

“இனி உம் வீட்டு ஆட்களுக்குப் பழக்கும். இவ்வூர் ஆண்களை விட்டுவிடும்.” பிறகு ஆசையோடு, “அப்படியானால் அடுத்த மாதம் பிள்ளைகளைப் பார்க்க வரட்டுமா?” என்றார்.

தாண்டவன் கண்ணை மூடிக்கொண்டான். கதவுக்குப் பின்னிருந்து காத்தாயிதான் பதில் சொன்னாள்:

“மொதல்ல அவுக வந்து குளிச்சுச் சாப்பிடட்டும் சாமி!”

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். சிரித்தபடியே முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். அவர் மனம் மாறுவதற்குள் ஊர் ஆண்களை அழைத்துவரத் தாண்டவன் வண்டியைக் கோட்டைப் பக்கம் திருப்பினான்.