மயிலோடைக்குப் பூசிய நீலம்

ரெஜினா டீச்சரிடம் பாடம் கேட்க வந்த வேலாயுதம் அண்ணாச்சி, டீச்சரைவிட வயதில் மூத்தவர். மலையடிவாரத்தில் அவர் போட்டோ எடுக்காத கல்யாணம் கிடையாது. ஆனாலும் மனுஷருக்கு ஒரு வீம்பு. கல்யாண ஆல்பத்துக்கு வெளியே, ஏதாவது ஒரு சுவரில், தன் பெயர் போட்ட படம் ஒன்று தொங்கியே தீர வேண்டும்.

டீச்சரின் வித்தை இதுதான். காட்டையும் ஓடையையும் போட்டோ எடுப்பார். சொரசொரப்பான தாளில் அச்சிடுவார். அதன்மேல் பேஸ்டல் என்கிற வண்ணப்பொடிக் குச்சியால் வரைவார். சில இடங்களைத் தொடாமல் விட்டுவிடுவார்.

“எதைக் கேமராவுக்கு விடணும், எதைக் கையால போடணும்? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்.”

“நீங்க ஒண்ணு போட்டுக் கொண்டாங்க அண்ணாச்சி. பாத்துட்டுச் சொல்லுதேன்.”

அண்ணாச்சி மயிலோடைக்குப் போனார். மேலே சொகுசு விடுதி வந்த பிறகு அந்த ஓடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊற்றுக்கண்ணிலேயே குழாயைப் போட்டு நீச்சல் குளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். கேட்டால், மழை இல்லையாம். அவர்கள் குளத்துக்கு மட்டும் தனி மழை போலிருக்கிறது!

அண்ணாச்சி காய்ந்த பாறைகளைப் போட்டோ எடுத்தார். தாளில் இரண்டு பிரதி அச்சிட்டார். ஒன்றில் மட்டும் குனிந்த தலை நிமிராமல் நீலத்தைத் தேய்த்தார். பாறை மறைந்தது. ஓடை இரு கரையும் தொட்டு ஓடியது.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். “மாப்பிள்ளை யாரு அண்ணாச்சி?”

“எந்த மாப்பிள்ளை?”

“பொண்ணு முகத்துல பருவை மறைக்கிற மாதிரில்லா பாறையை மறைச்சிருக்கீங்க. அதான் கேட்டேன்.”

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. “நான் என்ன பொய்யா சொல்லிட்டேன்? இதுல குளிச்சவன் டீச்சர் நான்!”

“இப்பக் குளிக்க முடியுமா?”

“முடியணும்லா!”

டீச்சர் படத்தைத் தன் மேசைமேல் வைத்தார்.

படத்தைப் பற்றிக் காதில் விழுந்து, விடுதி மேனேஜரே டீச்சர் வீட்டுக்குத் தேடி வந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“பிரமாதம் சார்! எங்க வாசல் ஹால்ல மாட்டிருவோம். கீழே பெருசா உங்க பேரு. வர்றவங்க மயிலோடை இப்படித்தான்னு நினைக்கணும். தூள் உதிராம மேலே ஸ்பிரே மட்டும் அடிச்சுக் குடுங்க.”

அண்ணாச்சி ஏங்கிக் கிடந்த சுவர் தானாக நடந்து வந்து எதிரே நிற்கிறது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

டீச்சர் எழுந்து போனார். அதே போட்டோவின் இன்னொரு பிரதியை, வண்ணம் படாததை, கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“இதையும் சேத்து மாட்டுவீங்களா?”

மேனேஜர் சிரித்தார். “இது எதுக்கு மேடம்? வெறும் பாறை. பாக்குறவன் தண்ணி எங்கேன்னு கேப்பான்.”

“கேட்டா என்ன?”

மேனேஜர் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அண்ணாச்சி அந்தப் படத்தைப் பார்த்தார், இந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த துணியை எடுத்து, தான் போட்ட ஓடையை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

“ஐயோ, என்ன சார் பண்றீங்க!”

“மேக்கப்பைக் கலைக்கேன் தம்பி. நில்லுங்க, பேரும் போட்டே தாரேன். கொண்டுபோய் வாசல்ல மாட்டுங்க.”

தம்பி நிற்கவில்லை. கார் கிளம்பிய சத்தம்தான் கேட்டது.

அண்ணாச்சி துடைத்துக்கொண்டே இருந்தார். துணி நீலமானது, விரல் நீலமானது. பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆனால் தாளின் சொரசொரப்புக்குள் இறங்கிய வண்ணம் வர மறுத்தது. பாறை இடுக்குகளில் மங்கலாக, கோடு கோடாக நின்றது.

“முழுசாப் போக மாட்டேங்குதே டீச்சர். வேற தாள்ல முதல்ல இருந்து போடட்டுமா?”

டீச்சர் அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார்.

“அது எப்படி அண்ணாச்சி போகும்? தண்ணி ஓடுன இடம்லா.”