அரைமீசை மகாராஜாவும் மூன்றாம் மடையும்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஒரு மகாராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவன் சொன்னதே வேதம் என்று நம்புகிறவர். அவர் சபையில் சடையாண்டி என்றொரு விகடகவி இருந்தான். மகாராஜா சிரிக்க வேண்டுமானால் அவன் வேண்டும். ஆகவே பிரதானி அருளாளருக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

அந்த ஊரின் உயிர் பெரிய ஏரி. அதைக் காக்கும் ஏரித்தலைவரை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுப்பது வழக்கம். போட்டியிடும் ஒவ்வொருவருக்கும் ஒரு குடம் வைப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஓலை நறுக்கு. யார் குடத்தில் அதிக ஓலை விழுகிறதோ அவர் கையில் மடைச்சாவி.

அந்த ஆண்டு இரண்டே பேர் போட்டியிட்டார்கள். ஒருவன் உலகன். வெள்ளக் காலத்தில் ஏரிக்குள் முங்கி மடையைத் திறக்கும் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். 'சாமி உண்டா?' என்று கேட்டால் 'எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க' என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைக்கு மண் மிதிக்கப் போய்விடுவான். இன்னொருவன் ஏகாம்பரம், பிரதானியின் மைத்துனன். மூன்று வேளையும் குளியல், ஆறு வேளையும் பூஜை. சேற்றில் கால் வைத்ததில்லை.

ஐப்பசி மழைக்குப் பத்து நாள் இருந்தது. மூன்றாம் மடையருகே கரையில் கசிவு கண்டிருந்தது. அந்த மடைக்கு நேர் கீழேதான் சடையாண்டியின் வீடு. அவன் மனைவி பொன்னுருவி தினமும் காலையில் கொல்லைச் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள்.

"இன்னைக்கும் ஈரம் ஏறியிருக்குய்யா. அந்த ஏகாம்பரம் கையில சாவி போச்சுன்னா, நாம பாத்திரம் பண்டத்தோட மிதக்க வேண்டியதுதான். சபையில எல்லாரையும் சிரிக்க வைக்கிறியே, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?" என்றாள்.

சடையாண்டிக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அதே நாளில் சபையில் அருளாளர் மகாராஜாவின் காதில் ஓதினார். "மகாராஜா, தெய்வத்தை மதிக்காதவன் ஏரியைத் தொட்டால் மேகம் திரும்பிப் பார்க்குமா? பக்தியை அளந்து பார்த்த பிறகே பதவி என்று ஆணையிடுங்கள். அளக்கும் பொறுப்பை நம் சடையாண்டிக்கே கொடுங்கள். அவரைவிட அறிவாளி யார்?"

பொறி அதில்தான் இருந்தது. உலகனைத் தேறவைத்தால் சடையாண்டி தெய்வத் துரோகி. உலகனைத் தள்ளினால் சடையாண்டியின் வீடு தண்ணீரில். எப்படிப் பார்த்தாலும் அருளாளருக்குப் பாயசம்.

மகாராஜா துள்ளினார். "ஆகட்டும்! சடையாண்டி, நாளை மாலைக்குள் நீ பக்தியை அளந்து காட்ட வேண்டும். தவறினால் நாட்டை விட்டே போக வேண்டும்."

சடையாண்டி கைகூப்பினான். "உத்தரவு, மகாராஜா. ஏரித்தலைவருக்கு மட்டும் இந்தச் சட்டம் என்றால், மற்ற வேலைகள் என்ன பாவம் செய்தன? அரண்மனைக்கும் சேர்த்தே ஓலையில் எழுதி முத்திரை இட்டுக் கொடுங்கள்."

"நியாயம்!" என்று மகாராஜா அப்படியே எழுதச் சொன்னார். 'இந்நாட்டில் எந்தப் பொறுப்பாயினும், பக்தி மிகுந்தவனுக்கே உரியது.'

சடையாண்டி பிரதானி பக்கம் திரும்பினான். "ஐயா, இந்த ஊரில் பக்தி மிகுந்தவர் யார்?"

"சந்தேகமென்ன? என் மைத்துனன் ஏகாம்பரம்."

"அவருக்கு ஏரி வேலை பழக்கமில்லையே?"

"பக்தி இருந்தால் எந்த வேலையும் கைக்குத் தானாக வரும்" என்றார் அருளாளர், மார்பை நிமிர்த்தி.

"அருமை! இதையும் ஓலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றான் சடையாண்டி. பிரதானி மகிழ்ந்து கையெழுத்தும் போட்டார். ஆசை கண்ணை மறைத்தால் ஆனை போவதும் தெரியாது.

மறுநாள் காலை மகாராஜா சவரத்துக்கு உட்கார்ந்தார். அன்று அண்டை நாட்டுத் தூதர் வருகிறார். ஆகவே மீசையை முழுதும் எடுத்துப் புதுமுகமாக வரவேற்க ஆசை. நாவிதர் செவந்தான் இடது பாதியை மழமழவென்று முடித்துக் கத்தியை வலப்பக்கம் கொண்டுபோனார்.

"நிறுத்து கத்தியை!"

சடையாண்டி முத்திரை ஓலையோடு நின்றான். பின்னால் இரண்டு காவலர்கள்.

"செவந்தான், கடைசியாக எப்போது கோயிலுக்குப் போனீர்?"

செவந்தான் விழித்தார். "பத்து நாளாப் போகலீங்க. பண்டிகை வருதில்ல, ஊர்ப்பட்ட தலை காத்துக் கிடக்கு."

"பத்து நாளா! மகாராஜாவின் திருமுகம் எப்பேர்ப்பட்ட பொறுப்பு! ஓலையில் என்ன எழுதியிருக்கிறது? எழுந்திரும். காவலரே, ஏகாம்பரத்தை அழைத்து வாருங்கள்."

"அடேய், பாதி மீசையோடு..." என்று மகாராஜா ஆரம்பித்தார்.

"மகாராஜாவின் ஆணையை மகாராஜாவே மீறலாமா? ஊர் என்ன பேசும்?" என்று சடையாண்டி தாழ்மையாகச் சொன்னான்.

மகாராஜாவிடமிருந்து அழைப்பு என்றதும் ஏகாம்பரம் ஈரவேட்டியோடு ஓடி வந்தான். பின்னாலேயே அருளாளரும், மைத்துனனுக்குப் பெரிய பதவி காத்திருப்பதாக நினைத்துப் பல்லெல்லாம் தெரிய வந்தார். ஏகாம்பரத்தின் கையில் சவரக்கத்தி கொடுக்கப்பட்டது. பிரதானியின் பற்கள் உள்ளே போயின.

ஏகாம்பரம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல கூரான பக்கம் எதுங்க?"

மகாராஜா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பாவம், ஏகாம்பரம் கெட்டவனில்லை. பயம் வந்தால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு கண்ணையும் இறுக மூடினான். உதடு மந்திரம் முணுமுணுத்தது. கை கிடுகிடுவென்று நடுங்கியது. நடுங்கிய கையோடு கத்தி மகாராஜாவின் தொண்டையை நோக்கி வந்தது.

"கண்ணைத் திறடா!"

"திறந்தா தியானம் கலைஞ்சிடும் மகாராஜா!"

மகாராஜா ஒரே தாவாகத் தாவித் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். "இவன் பக்தி என் கழுத்துக்கு எதற்கடா! கத்தி பிடிக்கத் தெரிந்தவனைக் கூப்பிடுங்கள்! செவந்தான்! அடே செவந்தான்!"

சடையாண்டி உரக்கச் சொன்னான். "பக்தியை அளந்தாயிற்று மகாராஜா. ஏகாம்பரத்திடம் நிறைய இருக்கிறது. அதில் குறையே இல்லை. அது சாமிக்கும் அவருக்கும் உள்ள விஷயம். ஆனால் மகாராஜாவின் ஒரு கழுத்துக்கு ஒரு நீதி, மூன்றாம் மடைக்குக் கீழே இருக்கிற ஆயிரம் கழுத்துக்கு வேறு நீதியா? அதில் ஒன்று என் பொன்னுருவியின் கழுத்து."

தூணுக்குப் பின்னாலிருந்து பாதி மீசை எட்டிப் பார்த்தது. எதிரே இருந்த கண்ணாடியில் மகாராஜா தம்மைத் தாமே கண்டார். முதலில் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஓலையை வாங்கிக் கிழித்தார்.

"ஓலை போடுகிறவர்கள் வேட்பாளரிடம் எதையும் கேட்கட்டும். அரண்மனை எதையும் அளக்க வேண்டாம்" என்றார். வேலை தானாக வரும் என்று எழுதிக் கொடுத்த அருளாளரை, மழை வரும்வரை தினம் ஒரு கூடை மண் சுமந்து கரையில் கொட்டச் சொன்னார். பிறகு, தூதர் வருமுன் மீதி மீசையை எடுக்கச் செவந்தானிடமே முகத்தைக் கொடுத்தார்.

தேர்தல் திடலில் உலகனின் கூட்டாளிகள் கூச்சல் போட்டார்கள். "சாமி இல்லேன்னு நெஞ்சுக்கு நேரா சொன்ன ஆம்பளை! அதுக்கே போடுங்க ஓலை!"

சடையாண்டி அவர்களையும் விடவில்லை. "சாமி உண்டுன்னு சொன்னாலும் கசிவு அடையாது, இல்லேன்னு சொன்னாலும் அடையாதுடா. சும்மா இரு!"

அப்போது பூ விற்கும் வடிவு முன்னால் வந்தாள். "ஏம்ப்பா உலகா, நீ கும்பிடு, கும்பிடாம போ. எங்க தெப்பத் திருவிழாவுக்குக் குளத்துல தண்ணி விடுவியா, மாட்டியா?"

"நாளைக் குறிச்சுச் சொல்லுக்கா. முந்தின நாளே தண்ணி நிக்கும். குளம் உங்களுது, மடை மட்டுந்தான் என் பொறுப்பு."

வடிவு ஓலையை அவன் குடத்தில் போட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசையே அந்தப் பக்கம் திரும்பியது. ஏகாம்பரமும் தன் ஓலையை அதில்தான் போட்டான். கத்தி கையைவிட்டுப் போனதிலிருந்து அவனுக்கு அப்படியொரு நிம்மதி.

உலகன் மண் மிதித்துக் கசிவை அடைத்து முடிக்க, மழை வந்தது. ஏழு நாள் விடாமல் கொட்டியது. உலகன் இரண்டு முறை ஏரிக்குள் முங்கி மடையைத் திறந்தான். கரை நின்றது. பொன்னுருவியின் கொல்லைச் சுவரும் நின்றது.

எட்டாம் நாள் மகாராஜா சவரத்துக்கு உட்கார்ந்தபடியே சடையாண்டிக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்திவிட்டார். பிறகு அவருக்குப் பழைய குறுகுறுப்பு எழுந்தது.

"அது சரி செவந்தான், இருபது வருஷமாக என் கழுத்தில் கத்தி வைக்கிறாய். உனக்குச் சாமி நம்பிக்கை உண்டா, இல்லையா?"

"வாயைத் திறக்காதீங்க மகாராஜா" என்றார் செவந்தான். "கத்தி மேலுதட்டுல இருக்கு."

மகாராஜா உதட்டை அசைக்காமல், வயிறு மட்டும் குலுங்க, நெடுநேரம் சிரித்தார்.