திருமூர்த்தி ஏறாத சுவர்

குரு என்றால் தாடியும் தண்டமும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் செண்பகாவைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். கழுத்தில் விசில், காலெல்லாம் சேறு, வயது இருபத்தாறு. கோவையை ஒட்டிய ஒரு காலி மைதானத்தில் தடை ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் திருமூர்த்தி. மோட்டார் பம்ப் கடை முதலாளி, ஐம்பதை நெருங்குகிறவர். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதும் நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமாகி, ஓட்டத்தில் ருசி கண்டு, முதல் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். கம்பிக்கு அடியில் சேற்றில் தவழ்வது, மணல் மூட்டையைச் சுமந்து ஓடுவது, கயிறு ஏறுவது எல்லாம் தட்டுத்தடுமாறி வந்துவிட்டது. வராதது சுவர் ஒன்றுதான்.

பலகையால் அடித்த சுவர். அவரைப் போல் ஒன்றரை ஆள் உயரம். ஓடிவந்து எகிறுவார், விரல்கள் விளிம்பைத் தொடும், அப்படியே சறுக்கிக்கொண்டு வந்து பொத்தென்று விழுவார்.

அந்தப் பந்தயத்தில் சுவரடியில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது தப்பே இல்லை. புதியவர்கள் பலரும் அப்படித்தான் ஏறுவார்கள். மற்றவர்களுக்குத் தோள் கொடுக்க முதல் ஆளாய்க் குனிபவர் திருமூர்த்திதான். தன் முறை வந்தால் மட்டும், "வேண்டாமுங்க, நானே பார்த்துக்கறேன்" என்பார்.

அவர் சுபாவமே அது. பயிற்சி முடிந்து எல்லாரும் பேக்கரிக்குப் போனால் டீ அவர் செலவுதான். வேறு யாராவது பர்ஸை எடுத்தால் கோபமே வந்துவிடும்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மறுபடியும் விழுந்து, முழங்கை சிராய்த்து எழுந்தவர் நேராகச் செண்பகாவிடம் வந்தார்.

"கோச், என் பேரை எடுத்துருங்க."

மாதக்கணக்கில் இந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான் மனுஷன் விடியலில் எழுந்துகொண்டிருந்தார்.

"ஏன் சார்?"

"சுவர் வரமாட்டேங்குதே."

"நம்ம குரூப்ல ஆஷிக் இருக்காரே, அவர் தோள் குடுத்தா வந்துருமே?"

"அடுத்தவங்க தோள்ல கால் வெச்சு ஏறிட்டு, நான் ஏறினேன்னு எப்படிங்க சொல்லிக்கறது?"

செண்பகா சுவரடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் தோள் குடுங்க."

அவள் அந்தச் சுவரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டுவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஆனாலும் ஒருவர் கேட்ட பிறகு சும்மா நிற்க அவருக்கு வராது. குனிந்தார். அவள் சேற்றுக் காலை அவர் தோளில் ஊன்றி ஏறி, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

நிமிர்ந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்கு சார் சிரிக்கிறீங்க?"

"ஒருத்தருக்கு ஒத்தாசை பண்ணினா சந்தோஷமா இருக்காதுங்களா?"

"தினமும் இருக்குதா?"

"தினமும்தானுங்க."

"அந்தச் சந்தோஷத்தை ஆஷிக்குக்கு ஒரு நாளாவது குடுத்திருக்கீங்களா?"

திருமூர்த்தி முழித்தார்.

"ஊரே உங்களைத் தாராள மனசுன்னு சொல்லுது சார். இந்தச் சுவரடியில உங்களை மாதிரி ஒரு கஞ்சனை நான் பார்த்ததில்லை."

சுருக்கென்று தைத்தது. கஞ்சன் என்று அவரை எதிரிகூடச் சொன்னதில்லை. சண்டைக்குப் போகலாமா என்று பார்த்தார். பிறகு மைதானத்துப் பக்கம் திரும்பினார்.

சற்றுத் தள்ளி ஆஷிக் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வங்கியில் வேலை, நல்ல வாட்டசாட்டமான ஆள், அவனுக்கும் இதுதான் முதல் பந்தயம். திருமூர்த்தி அவன் எதிரில் போய் நின்றார். கடையில் எத்தனையோ பேரை ஏவுகிற வாய் இதைச் சொல்லத் திணறியது.

"தம்பி... கொஞ்சம் தோள் குடுக்கறீங்களா?"

ஆஷிக் பாட்டிலை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். சுவரடியில் குனிந்து, "வாங்கண்ணா, பயப்படாம மிதிங்க" என்றான். மேலிருந்து செண்பகா கையை நீட்டினாள். கீழே ஓர் உந்தல், மேலே ஓர் இழுப்பு, விளிம்பில் தொப்பை உரச, திருமூர்த்தி சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்.

மேலே காற்று நன்றாக இருந்தது. மைதானத்தின் மறுகோடி வரை தெரிந்தது. கீழே ஆஷிக், தானே ஏறிவிட்டதுபோல் கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்கத் திருமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"ஞாயித்துக்கிழமை நான் வர்றேனுங்க கோச்," என்றார். "வாங்க, எல்லாரும் டீ சாப்பிடப் போலாம். இன்னைக்கு பஃப்ஸும் நானே வாங்கித் தர்றேன்."

"இல்லை சார். இன்னைக்கு டீ ஆஷிக் வாங்கித் தரட்டும்."

"அதெப்படிங்க?" அவர் கை தன்னால் பர்ஸைத் தடவியது.

செண்பகா மறுபக்கம் குதித்து இறங்கி, அண்ணாந்து பார்த்தாள்.

"அது ரெண்டாவது சுவர் சார். இறங்கி வந்து அதையும் ஏறிடுங்க."