கண்ணாடி இல்லாத கேமரா

பரமக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜோதிலிங்கத்துக்குத் தன் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா மேல் அப்படியொரு பெருமை. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு லைட் பிடித்த கோகிலமோ, ஒரு படமாவது தானே எடுக்க வேண்டுமென்று ஏங்கி, இருப்பதிலேயே சின்னதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினாள்.

"உள்ளே கண்ணாடியே இல்லை. இதெல்லாம் ஒரு கேமராவா?" என்று சிரித்தார் அவர்.

ஒருநாள் தொட்டில் விழாவுக்குப் போனார்கள். குழந்தையின் அப்பா குவைத்தில். "நான் வீடியோவில கூப்பிட்டாலே பிள்ளையை எழுப்பிக் காட்டுறாங்கண்ணே. அவ தூங்குற முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதை மட்டும் நல்லா ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்று கேட்டிருந்தார்.

ஜோதிலிங்கம் குனிந்து அமுக்கினார். 'டக்!' குழந்தை வீறிட்டது. மூன்று முறை தூங்க வைத்தார்கள், மூன்று முறையும் அதே கதை.

"இதை எவனாலும் எடுக்க முடியாது. நீ எடுத்துட்டா, இனிமே நான் உனக்கு லைட் பிடிக்கிறேன்" என்றார் எரிச்சலாக.

குழந்தை மறுபடி தூங்கியதும் கோகிலம் தொட்டிலருகே போய் நின்றாள். சத்தமே இல்லை.

"என்ன, கை நடுங்குதா? அமுக்கு!" என்று கிசுகிசுத்தார் ஜோதிலிங்கம்.

"பதினொரு படம் எடுத்தாச்சுண்ணே. உங்க கேமராவில ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி மேலே போய் அடிக்குது. அந்தச் சத்தத்துலதான் பிள்ளை முழிக்குது."

ஜோதிலிங்கம் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

படம் குவைத்துக்குப் போனது. உடனே அங்கிருந்து குழந்தையின் அப்பாவின் அழைப்பு வந்தது.

"என்னப்பா, படம் நல்லா இருக்கா?" என்று உரக்கக் கேட்டார் ஜோதிலிங்கம்.

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றது அந்தக் குரல். "பிள்ளை தூங்குது."