ராஜாவின் கழுத்தை நக்கிய மாடு

வெண்ணாவலூர் ராஜா இடும்பவர்மருக்கு வேளைக்கொரு சட்டம் போடாவிட்டால் சோறு செரிக்காது. அப்படிப் போட்டதுதான் இடைவெளிச் சட்டம். ராஜவீதியில் முன்னே போகும் வண்டிக்கும் பின்னே வரும் வண்டிக்கும் நடுவே பத்து முழம் இருக்கவேண்டும். மீறினால் இழுத்து வந்த மாடோ குதிரையோ பறிமுதல்.

அதில் மாட்டிக்கொண்டவள் உப்பு விற்கும் ஒச்சம்மா. ஒரே வண்டி, ஒரே மாடு, அவ்வளவுதான் அவள் சொத்து. அன்றைக்கு அவளுக்கு முன்னால் ராஜாவின் பல்லக்கு போய்க்கொண்டிருந்தது. நுங்குக்காரனைக் கண்டதும் ராஜா "நிறுத்து!" என்றார். பல்லக்கு சட்டென்று நின்றது. மாடு நிற்கவில்லை. திரைக்குள்ளே தலையை விட்டு, வியர்த்திருந்த ராஜாவின் கழுத்தை ஆசையாக ஒரு நக்கு நக்கிவிட்டது.

அவள் வண்டிக்குப் பின்னால் குதிரையில் வந்த வீதிக்காவல் தலைவன் துடியப்பன் அங்கேயே குற்ற ஓலை எழுதி அவள் கையில் திணித்தான். மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒச்சம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஓலையோடு அரண்மனை விகடர் மாசிலாமணியிடம் ஓடினாள்.

"சாமி, இதுல என்னதான் எழுதியிருக்கு? மாடு போச்சுன்னா நான்தான் நுகத்துல கழுத்தைக் கொடுக்கணும்!"

மாசிலாமணி ஓலையை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை சிரித்தார். "நாளைக்குச் சபைக்கு வா. அழாமல் வா."

மறுநாள் சபையில் ராஜா கழுத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி எழுந்தார்.

"துடியப்பரே, மாடு நெருங்கியதை உம் கண்ணால் பார்த்தீரா?"

"பார்த்தேன். நாக்கு நீண்டதைக்கூடப் பார்த்தேன்!"

"அவள் வண்டியில் உப்பு மூட்டை ஆளுயரம் இருந்ததே. பின்னால் வந்த உமக்கு எப்படித் தெரிந்தது?"

"குதிரையை வண்டியோடு ஒட்டிவிட்டு, மூட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தேன். என் குதிரை மூட்டையை முகர்ந்துகொண்டே வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!"

"அடடா! அப்படியானால் உம்முடைய பத்து முழம் எங்கே போச்சு? மகாராஜா, முதலில் இவர் குதிரையைப் பறிமுதல் செய்யுங்கள்."

துடியப்பன் பதறினான். "அதெப்படி? சட்டம் வண்டிக்குத்தான்! என் குதிரைக்குச் சக்கரமா இருக்கிறது?"

"சக்கரம் இல்லாதது வண்டி இல்லை. சரியாகச் சொன்னீர்." மாசிலாமணி ஓலையைத் தூக்கிக் காட்டினார். "முன்னே சென்றது மகாராஜாவின் பல்லக்கு என்று நீரே எழுதியிருக்கிறீர். பல்லக்குக்கு எத்தனை சக்கரம் ஐயா?"

துடியப்பன் வாயைத் திறந்தான். குதிரையை நினைத்தான். மூடிக்கொண்டான்.

ராஜாவுக்கு மட்டும் ஆற்றாமை தீரவில்லை. "சட்டம் கிடக்கட்டும், மாசிலாமணி! ஒரு மாடு என்னை நெருங்கி வந்து நக்கியிருக்கிறது. சும்மா விடச் சொல்கிறாயா?"

மாசிலாமணி சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். மந்திரிகள், தளபதிகள், பாட்டுப் பாடிப் பரிசு வாங்கும் புலவர்கள்.

"மகாராஜா, உங்களை நெருங்கி நக்கிப் பிழைக்கிறவர்களை எல்லாம் பிடித்துக் கட்டினால், நாளைக்கு இந்தச் சபையில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!"

சபையோர் எல்லோரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஒச்சம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அந்த மாட்டை அவிழ்த்து விடுங்கடா!" என்று சொல்லிவிட்டு, ராஜா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அவர் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் சபையோருக்கும் சிரிப்பு வந்தது.