மூன்றாம் முறை வந்த அணில்

ஊரைவிட மரங்கள் அதிகமாக இருந்த காலம் அது, கேளுங்கள். இலுப்பையூரை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டான். அவன் நாட்டில் ஒரு வழக்கம். ஒன்றை மூன்று பேர் கண்ணால் கண்டதாகச் சொல்லிவிட்டால் போதும். அதற்குமேல் கேள்வி கிடையாது, தீர்ப்புதான்.

ஒரு சித்திரை மாதம், புழுக்கம் தாங்காமல் இளவரசனுக்குத் தோட்டத்து இலுப்பைக் கிளையில் பட்டுத் தூளி கட்டினார்கள். அதே கிளையின் கவட்டில் ஓர் அணில் கூடு வைத்திருந்தது. தேங்காய் நார், சருகு, பஞ்சு. உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள்.

முதலில் தாதி சொக்கி ஓடி வந்தாள். "ராஜா, அந்த அணில் தூளிப் பட்டுத்துணியை நூல் நூலா உருவிக்கிட்டுப் போவுது! என் கண்ணால பார்த்தேன்."

அடுத்து காவலன் மாடன். "வாலை உதறி உதறிக் கத்துதுங்க ராஜா. இளவரசரைக் கண்ணசர விடமாட்டேங்குது. கல்லால அடிச்சாலும் ஓடி ஓடித் திரும்ப வருது."

மூன்றாவதாக ராணி அல்லியம்மையே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஐயோ, அது பெத்த குட்டியையே தின்னுதுங்க! வாயில கவ்விக்கிட்டு ஓடினதைப் பார்த்தேன். என் பிள்ளை தலைக்கு மேலயா இப்படியொரு பாவி?"

சாட்சி மூன்றாயிற்று. "கொல்லு அதை" என்றான் ராஜா.

எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். மாடன் வில்லை வளைத்தான். எதிரிலிருந்த புன்னை மரத்திலிருந்து அணில் தாவி வந்தது. கூட்டுக்குள் தலையை விட்டு இரண்டாவது குட்டியைக் கவ்வியது. ஓடிப்போய்ப் புன்னையின் பொந்தில் பூப்போல வைத்தது.

"பொறு மாடா!" என்றாள் ராணி. "தின்கிறது எதுக்குப் பொந்துல கொண்டுபோய் வைக்குது? அப்போ அது எதைப் பார்த்துக் கத்துச்சு..."

சொல்லிக்கொண்டே பாய்ந்து பிள்ளையை அள்ளினாள்.

கூட்டிலிருந்து ஒரு தலை எழுந்தது. அணில் அந்தப் பக்கம் போன நேரத்தில் மேல்கிளையிலிருந்து கூட்டுக்குள் புகுந்த கருநாகம். எதையோ விழுங்கியதில் கழுத்து புடைத்திருந்தது. தூளிக் கயிற்றில் வழுக்கி இறங்கி, பிள்ளை கிடந்த சூடு ஆறாத பட்டில் பொத்தென்று விழுந்து படமெடுத்தது.

மாடனின் அம்பு அதைத் தூளியோடு சேர்த்துத் தைத்தது.

அணில் மூன்றாம் முறை வந்தது. கூட்டுக்குள் தலையை விட்டது. வெறும் வாயோடு வெளியே வந்தது. வாலை உதறிக் கத்தியது. இப்போது யாரும் கல்லெடுக்கவில்லை.

"நான் கல்லெறிஞ்சு விரட்டின நேரம்..." என்று மாடன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

ராஜா புன்னைப் பொந்தை எட்டிப் பார்த்தான். தன் மகனின் தூளி நூலே அங்கே மெத்தையாகக் கிடந்தது. அதன்மேல் இரண்டே குட்டிகள்.

மூவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

அன்றுமுதல் மூன்று சாட்சிகள் பேசி முடித்த பின்னும் ராஜா ஒன்று கேட்பான்: "சரி, அப்புறம் என்ன நடந்தது?"

ஆகவே, பிள்ளைகளே, பெரியவர்களே: பாதி பார்த்துவிட்டு எந்த உயிரின்மீதும் பழி போடாதீர்கள்.