இன்பசேகர் கத்திய ‘ம்மா’

“குருவே, ஒரு மாடுகூட என்னை மதிக்க மாட்டேங்குது!” என்றார் இன்பசேகர், குதிரை மேலிருந்து.

“நான் குரு இல்லை. முதல்லை நிமிர்ந்து இருங்கோ” என்றார் லோஜினி.

இன்பசேகர் மதுரையில் மிமிக்ரி கலைஞர். தலைவர்கள், நடிகர்கள், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர் எல்லாம் அவர் தொண்டைக்குள் வாடகையில்லாமல் குடியிருந்தன.

லோஜினி யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்திரேலியாவில் மாட்டுப்பண்ணை. விடுமுறைக்கு வருகிறவர்களைக் குதிரையேற்றி மந்தை ஓட்ட விடுவார்.

“முதல்லை நிமிர்ந்து இருங்கோ” என்றார் இன்பசேகர். அச்சு அசல் லோஜினி.

லோஜினியின் குதிரை திரும்பிப் பார்த்தது.

அந்த உற்சாகம் போதாதா? அடுத்து, பசித்த கன்று மாதிரி கத்தினார்.

தாய்ப்பசுக்கள் எல்லாம் சட்டென்று திரும்பின. ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு அவரை நோக்கியே ஓடி வந்தது. மந்தை திசைக்கொன்றாய்ச் சிதறியது.

திரட்டிக் கொண்டுவந்து பட்டியில் அடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

நெற்றி வெள்ளைப் பசு மட்டும் கதவோரம் நின்று கதறியது. அதன் கன்றைக் காணோம்.

“இருட்டிடுச்சுன்னா?”

“காட்டுநாய் வரும்.”

இன்பசேகரின் முகம் செத்துப்போனது. “என்னாலதானே போச்சு. நானே கூட்டிட்டு வர்றேன்.”

போனார். புதர் புதராகப் போய், அந்தப் பசுவின் குரலிலேயே, “ம்மா…”

பட்டியிலிருந்த மாடுகள் பதில் சொன்னன. கன்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அவர் தொண்டையில் வெறும் காற்றுதான் மிச்சமிருந்தது.

“குருவே… இம்மி பிசகாம அதே குரல். ஏன் வரலை?”

லோஜினி குதிரையிலிருந்து இறங்கிப் போய், பட்டிக் கதவைத் திறந்து, அந்தப் பசுவை மட்டும் வெளியே விட்டார்.

“ஐயையோ! இதுவும் போயிடுமே!”

“போகட்டும். பின்னாலை வாங்கோ.”

பசு அங்கும் இங்கும் தேடவில்லை. இப்போது கத்தவும் இல்லை. ஓடையைத் தாண்டி நேராக ஒரு யூகலிப்டஸ் மரத்தடிக்குப் போனது. மத்தியானம் மந்தை இளைப்பாறிய இடம். கன்று கடைசியாகப் பால் குடித்த இடம்.

உயரமான புல் அசைந்தது. ஒரு காது தெரிந்தது.

கன்று எழுந்தது. சோம்பல் முறித்தது. ஓடிப்போய் மடியை முட்டியது.

இன்பசேகர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார். இரண்டும் அவருடைய சொந்தக் குரலில்தான் வந்தன.

மூக்கைத் துடைத்ததும் கோபம் வந்தது.

“டேய், இந்த மரத்தைச் சுத்தித்தானேடா கத்துனேன்! கேட்டுக்கிட்டே படுத்திருந்தியா? குருவே, நீங்களே சொல்லுங்க. நான் கூப்பிட்டதுல என்ன குறை?”

கன்றின் வாயோரம் பால் நுரை வழிந்தது.

“கூப்பிட்டது சரி” என்றார் லோஜினி. “பால் கொண்டு போனனீங்களோ?”